எல்ஸி ஏற முடியாத ஜீப்

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் சுண்ணாம்புக் குன்றை ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் லயனலின் வீட்டைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. மற்ற வாசல்களில் மைவி, சாகா என்று உள்ளூர்க் கார்கள் பளபளவென்று நிற்கும். லயனல் வாசலில் மட்டும் பச்சை நிறத்தில் ஒரு பழைய சுசுகி ஜீப், பாதி நாள் சக்கரமே இல்லாமல், மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று அர்த்தம். தபால்காரர்கூட அந்தக் கால்களிடம்தான் விசாரிப்பார்.

"என்னா லயனல் அண்ணே, வேல எப்ப முடியும்?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்பார்கள்.

"அடுத்த வாரம்லா," என்று ஜீப்புக்கு அடியிலிருந்து பதில் வரும்.

அந்த அடுத்த வாரம் மூன்று வருடமாக வந்துகொண்டே இருந்தது.

லயனலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் சட்டென்று பதில் வராது. ஈப்போவில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எப்போதும் அதே பெஞ்சின் ஓரத்தில் உட்காருவார். கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். யாராவது சண்டை போட்டால் அந்தப் பக்கம் திரும்பி எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். இதைச் சாந்த குணம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் மனைவி எல்ஸி மட்டும், "அது சாந்தமும் இல்ல ஒண்ணும் இல்ல, நழுவுறது" என்பாள். முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது!

எல்ஸி பள்ளிக்கூடக் கேண்டீனில் நின்று நின்றே சமைத்து முட்டியைத் தேய்த்துக்கொண்டவள். மகள் பெர்னடெட் கல்யாணமாகிச் சிரம்பானில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஜீப்பையும் சேர்த்தால் மூன்று.

ஜீப் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் ஒரு கல்லறைத் திருநாளிலிருந்து தொடங்க வேண்டும்.

நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் ஈப்போ கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அவரவர் வீட்டுக் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, பூசை முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார்கள். தங்கள் ஆட்களை வேறு எங்கோ அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களுக்கு என்று நடுவில் பெரிய சிலுவை ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஏற்றலாம். எல்ஸி ஈப்போவுக்கு வந்ததிலிருந்து அந்தப் பொதுச் சிலுவையடியில்தான் ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் காற்று அதிகம். ஏற்ற ஏற்ற அணைந்தது. யார் யாரோ ஏற்றிய வத்திகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எல்ஸி தீப்பெட்டியை மூடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எல்லாருக்கும் ஒரு எடம் இருக்கு. நான் மட்டும் பொதுவுல ஏத்திட்டுப் போறேன்," என்றாள். "என் பிள்ள படுத்திருக்கிற எடத்துல ஒரே ஒரு தடவ ஏத்தணுங்க. இந்த முட்டி சுத்தமா மடக்க முடியாமப் போறதுக்குள்ள."

லயனல் வழக்கம்போல எதையாவது துடைக்கலாமென்று பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றி அவர்கள் வீட்டில் பேசுவதில்லை. துக்கம் ஆறிவிட்டது என்பதல்ல காரணம். பேசத் தொடங்கினால் எங்கே போய் முடியுமோ என்ற பயம்தான்.

இருவரும் சிலிம் ரிவருக்கு உள்ளே ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்போது அது கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம். விடியுமுன்பே பால் வெட்டக் கிளம்புகிறவர்களின் தலை விளக்குகள் மரங்களுக்கிடையே நகர்ந்துகொண்டிருக்கும். ஆலைப் பக்கம் போனால் புகைக்கூடத்து வாசனை மூக்கைப் பிடிக்கும். வெளியூர்க்காரர்கள் அதை நாற்றம் என்பார்கள், அது அவர்கள் கொடுத்து வைத்தது அவ்வளவுதான். லயனல் பால் வெட்டப் போகாமல் டிராக்டர் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கொட்டகையில் உதிரிச் சாமான் என்று எதுவும் நேரத்துக்கு வந்ததில்லை. இஞ்சினில் எண்ணெய் கசிந்தால் கித்தா சீட்டை வெட்டி வைத்துத் திருகுவார்கள். ஸ்பிரிங் பட்டை ஒடிந்தால் இரும்புத் துண்டை வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். இதற்குத் தோட்டத்து வைத்தியம் என்று பெயர். அந்த வைத்தியத்தில் செத்த டிராக்டர்கள் உண்டு, பிழைத்தவைதான் அதிகம்.

கல்யாணமாகி மறு வருட மழைக்காலத்தில் எல்ஸிக்குப் பிள்ளை பிறந்தது. மாதம் நிறையாத பிள்ளை. ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. தலைச்சன் பிள்ளையைப் புதைக்கிற இடத்துக்குத் தாய் போகக் கூடாது, போனால் அடுத்தது தங்காது என்று லயத்து வரிசை வீடுகளிலிருந்த பெண்கள் எல்ஸியைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். தச்சர் செய்து கொடுத்த சின்னப் பெட்டியை லயனல் கையிலேயே ஏந்திக்கொண்டு நடந்தார். கூட வந்தவர் உபதேசியார் ஒருவர்தான், ஜெபப் புத்தகம் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு. தோட்டத்து எல்லையில், காட்டை ஒட்டிய மேட்டில், ஒரு பால் மரத்தின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். திரும்பி வந்தபோது எல்ஸி, "எந்த எடம்?" என்று மட்டும் கேட்டாள். "மேட்டுல, மரத்தடியில," என்றார். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த பிள்ளை பிறந்து கொஞ்சம் வளரட்டும், பிறகு போகலாம் என்றார்கள் பெரியவர்கள். பெர்னடெட் பிறந்தாள். அதற்குள் தோட்டம் கைமாறிவிட்டது. பால் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தார்கள். லயங்கள் காலியாயின. லயனல் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. வந்த புதிதில் அவர் மட்டும் இரண்டொரு நவம்பரில் மோட்டார் சைக்கிளில் போய் வந்தார். பிறகு வேலை, வாடகை, பள்ளிக்கூடம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு வெள்ளத்தில் அந்த மேட்டுக்குப் போகிற ஓடைப் பாலமும் போய்விட்டது. புதிய கம்பெனிக்கு அந்த மூலையில் வேலை இல்லாததால் யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. உபதேசியாரும் போய்ச் சேர்ந்தார். அந்த இடம் தெரிந்தவர் என்று உலகத்தில் மிஞ்சியது லயனல் ஒருவர்தான்.

பொதுச் சிலுவையடியில் எல்ஸி அப்படிக் கேட்ட சில வாரங்களில், லயனல் தாப்பாவில் ஒரு துரியான் தோட்டக்காரரிடமிருந்து அந்தச் சுசுகியை வாங்கி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"இது என்னா?" என்றாள் எல்ஸி.

"ஓடையில பாலம் இல்ல. மைவி போகாது. ஹைலக்ஸ் மாதிரி பெருசு எடுத்துட்டுப் போனா செம்பனை சந்துல மாட்டிக்கும். இது சின்னது, நாலு சக்கரமும் இழுக்கும். அந்தக் காலத்துல நம்ம தோட்டத்துச் சின்னத் துரை இதேதானே வச்சிருந்தாரு?"

எல்ஸி ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அதன் அடித்தட்டில் துருப்பிடித்து விழுந்த ஓட்டை வழியாகத் தெருவே தெரிந்தது. ஆனாலும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுச் சம்பல் இருந்தது. அந்தச் சம்பலுக்காகவாவது வேலையைச் சீக்கிரம் முடித்திருக்கலாம் மனுஷன்.

முதல் வருடம் துருவோடு போனது. ஓட்டைத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார். பழைய இஞ்சின் இருமுகிற சத்தம் பிடிக்காமல், வெட்டிய ஜப்பான் கார்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் அலைந்து கொஞ்சம் பெரிய இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். பெட்ரோலில் கழுவிய நட்டுகளைத் துணியில் பரப்பிவிட்டு உட்காரும்போது, ஏழாங்கட்டைக் கொட்டகையின் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் காதில் கேட்கும். மத்தியானம் மணியடித்ததும் பால் வாளிகளோடு ஆட்கள் திரும்பிவருவது, ஆலை வாசலில் பால் நிறுக்கக் கூச்சலிடுவது, எண்ணெய்க் கையோடு தாம் அதை வேடிக்கை பார்ப்பது எல்லாம் திரும்ப வந்து போகும். ஈப்போவில் இத்தனை வருடம் உழைத்தும், உன் வேலை என்ன என்று மனசைக் கேட்டால் அது டிராக்டர் கொட்டகை என்றுதான் சொல்லும். ஃபோர்க்லிஃப்டை அவர் வேலை என்று நினைத்ததே இல்லை. அது சம்பளம்.

அந்த நவம்பரில் ஜீப் கட்டையின் மேல் இருந்தது. எல்ஸி பொதுச் சிலுவைக்குப் போனாள்.

இரண்டாம் வருடம் யுகேந்திரன் வந்து சேர்ந்தான். சிம்பாங் பூலாயில் டயர் கடை வைத்திருப்பவன். ஞாயிறானால் கூட்டாளிகளோடு ஜீப் எடுத்துக்கொண்டு கோப்பேங் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் சேற்றைக் கலக்குவது அவனுக்குப் பொழுதுபோக்கு. நல்ல பிள்ளை; ஆனால் ஒரு வண்டியைப் பார்த்துவிட்டால் அதைச் சும்மா விடமாட்டான்.

"அண்ணே, இஞ்சின் மாட்டினது சரி. ஆனா வயிறு தரையில இழுக்குது பாருங்க. எந்த ஆத்துல எறங்கினாலும் கல்லு தட்டும், சூசாலா, கஷ்டம்," என்றான். "ஸ்பிரிங் பட்டய அச்சுக்கு மேல தூக்கி வைப்போம். பெரிய டயர் போடுவோம். அப்புறம் பாருங்க, எருமை மாடு மாதிரி எறங்கி ஏறும்."

லயனலுக்கும் அது சரியென்றே பட்டது. பட்டைகள் அச்சுக்கு மேலே போயின. வண்டி ஒரே நாளில் ஆள் உயரத்துக்குக் கிளம்பிவிட்டது. சேற்று டயர் வந்தது. தண்ணீரில் இஞ்சினுக்கு மூச்சு முட்டாமலிருக்க முகப்புக் கண்ணாடி ஓரமாக ஒரு குழாய் மேலேறியது. முன்னால் கம்பி சுற்றி இழுக்கும் வின்ச் உட்கார்ந்தது. தெருப் பிள்ளைகள் ஜீப்போடு படம் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் வாய் திறக்காத லயனல், எந்தச் சேற்றில் எந்தக் கியர் என்று யுகேந்திரனின் கூட்டாளிகளுக்கு விளக்கம் சொல்கிற நிலைக்கு வந்துவிட்டார். எல்ஸி அவர்களுக்கு நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஜீப் சேறும் சகதியுமாகத் திரும்பி வரும்போது வாசலுக்கு வந்து பார்ப்பாள்.

"ஓடுதா?"

"ஓடுது. வின்ச்தான் இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும்."

அந்த நவம்பரிலும் அவள் பொதுச் சிலுவைக்குத்தான் போனாள். இந்த இடத்தில் லயனலின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. கோப்பேங் காட்டில் ஆற்றையே கடந்த வண்டிக்கு ஏழாங்கட்டை ஓடை எம்மாத்திரம்? ஒருமுறை யுகேந்திரனின் கூட்டம் சிலிம் ரிவர் வரைக்கும் போனது. ஓடைக்கரையில் வண்டிகள் நின்றன. "அந்தப் பக்கம் என்னா இருக்கு அண்ணே? போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்று யுகேந்திரன் கேட்டான். லயனல் அக்கரையைப் பார்த்தார். அங்கே பிள்ளையைப் புதைத்த மேடு தெரிந்தது. "ஒண்ணும் இல்ல, வெறும் காடு," என்று சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து அதை எல்ஸியிடம் சொல்லவில்லை.

மூன்றாவது நவம்பரில் சாக்குப்போக்குகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. இரண்டாம் தேதி காலையில் ஜீப் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. எல்ஸி வெள்ளைச் சேலை கட்டி, தலைவாரிப் பூ வைக்காமல், ஒரு கூடையில் சாமந்தியும் மெழுகுவத்திக் கட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கலாதேவி வேலியோரம் நின்று, "அக்கா, கெளம்பிட்டீங்களா!" என்றாள். இந்தப் பயணம் எதற்கென்று எல்ஸி சொல்லித் தெருவுக்கே தெரியும்.

லயனல் கதவைத் திறந்தார். எல்ஸி கூடையை உள்ளே வைத்துவிட்டு வலது காலைத் தூக்கினாள். கால் முக்கால்வாசி தூரம்தான் போனது. இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். அது அதற்கும் கீழே. லயனல் உள்ளே ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் முக்காலி எடுத்துவந்தார். அதன் மேல் ஏறினாள். அதிலிருந்து வண்டிக்குள் போக முட்டி மடங்க வேண்டும். அது மடங்காது என்றது. லயனல் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார். முக்காலி ஆடியது. எல்ஸி வலியில் "ஐயோ" என்று கதவைப் பற்றிக்கொண்டாள். கலாதேவி வேலியைச் சுற்றி ஓடிவந்து பிடித்துக் கீழே இறக்கினாள்.

முதலில் சிரித்தவள் எல்ஸிதான். சிரித்துக்கொண்டே கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். லயனல் பின்னாலேயே போனார்.

"படி ஒண்ணு பத்தவச்சுத் தாரேன். ரெண்டு நாளு."

"அங்க போயி எறங்கி, மறுபடி ஏறணும். வழியில சேத்துல எறக்கிவிட்டா அங்கயும் ஏறணும். எத்தன தடவ என்னத் தூக்குவீங்க?"

"சரி, வேற என்னா..."

"ஏங்க," என்றாள் எல்ஸி. இப்போது அவள் சிரிக்கவில்லை. "மூணு வருசமா இதுல மாட்டாத சாமான் இல்ல. ஒரு தடவயாச்சும், எல்ஸி, ஏறி உக்காந்து பாருனு சொன்னீங்களா?"

லயனல் யோசித்துப் பார்த்தார். இல்லை, சொல்லவில்லை. டயரைச் சுற்றிப் பார்த்தவர், ஸ்பிரிங்கை அளந்தவர், ஓடையின் ஆழத்தைக் கணக்குப் போட்டவர், உட்காரப் போகிறவளின் முட்டியை நினைத்தே பார்க்கவில்லை.

"மறந்துட்டேன்," என்றார்.

"மறக்கல. உங்களுக்குப் போக பயம். அதான் மாட்டிக்கிட்டே இருந்தீங்க. ஓடுற வண்டிய யாராச்சும் மூணு வருசம் ரிப்பேர் பண்ணுவாங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் கைப்பிடியைத் துடைக்கப் போனார். எல்ஸி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பால் மரத்த வெட்டிட்டாங்க எல்ஸி," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "மரத்த வச்சுதான் அடையாளம் வச்சிருந்தேன். கடைசியாப் போனப்பவே மரம் இல்ல. அடிக்கட்ட மட்டும் இருந்துச்சு. இப்ப அதுவும் மக்கிப் போயிருக்கும். உன்னக் கூட்டிட்டுப் போயி, எங்கனு கேட்டா நான் என்னா காட்டுவேன்? என்ன நம்பித்தானே விட்ட? ஒரு எடத்த ஞாபகம் வச்சுக்க முடியாத அப்பனா போயிட்டேன்லா."

இத்தனை வருடத்தில் லயனல் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி எல்ஸி கேட்டதில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலனா தெரியல," என்றாள். "அதுக்காக நான் போகாம இருக்கணுமா? நவம்பர் மாசம் முழுக்க மரிச்ச ஆத்துமாக்களுக்குத்தான். இன்னும் நாளு இருக்கு. வண்டிய எறக்குங்க."

மறுநாளே ஜீப் மறுபடி கட்டையில் ஏறியது. விஷயம் கேள்விப்பட்டு யுகேந்திரன் ஓடிவந்தான்.

"அண்ணே, என்னா பைத்தியமா? ஊர்ல எவனாச்சும் லிஃப்ட் பண்ணின வண்டிய மறுபடி எறக்குவானா? ஓடையில தண்ணி உள்ள வரும்லா!"

"வரட்டும். உங்க அக்கா ஏறணும்."

யுகேந்திரன் வாசலில் நின்ற எல்ஸியைப் பார்த்தான். அவள் முட்டியைப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தான். "சொல்லியிருந்தா அன்னிக்கே தூக்கியிருக்க மாட்டேன்ணே," என்று அடியிலிருந்து முனகினான். வார இறுதியில் இரண்டு ஜோடிக் கால்கள் அந்த ஜீப்புக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. பட்டைகள் அச்சுக்குக் கீழே திரும்பின. சேற்று டயர்கள் கழன்று பழைய சின்னச் சக்கரங்கள் வந்தன. ஒவ்வொரு வேலை முடிந்ததும் லயனல், "எல்ஸி, ஏறி உக்காந்து பாரு," என்று கூப்பிட்டார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் ஏறும் இடத்தில் ஒரு கைப்பிடி வைத்து, முட்டியை நீட்டிக்கொள்ள இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பொருத்தினார்கள். வாகனச் சாகசக்காரர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். சேறு மிதிக்கிற வண்டி பார்ப்பதற்குச் சந்தைக்குப் போகிற வண்டியாகிவிட்டது.

மாதக் கடைசியில், மழை விட்ட ஒரு சனிக்கிழமை, கிளம்பினார்கள். யுகேந்திரன் தன் உயரமான ஜீப்பில் பின்னாலேயே வந்தான், எதற்கும் இருக்கட்டும் என்று.

செம்பனைகளுக்கிடையே பாதை ஒரு ஜீப் அகலத்துக்குக் குறுகிப்போயிருந்தது. எல்ஸி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். "இது நாலாம் நம்பர் லயம் இருந்த எடமில்ல?" என்றாள். "இங்கதானே தண்ணிக் குழாய் இருந்துச்சு? செல்லாயியோட நான் சண்ட போட்ட கொழாய்?" குழாயும் இல்லை, லயமும் இல்லை, செல்லாயியும் இல்லை. ஆனாலும் எல்ஸி அந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டினாள், சண்டை இன்னும் தீரவில்லை என்பது போல.

ஓடை வந்தது. லயனல் வண்டியை நிறுத்தி, காலணியைக் கழற்றி, ஒரு கம்பால் ஆழம் பார்த்துக்கொண்டே அக்கரை வரை நடந்து திரும்பினார். தெரியாத தண்ணீரில் முதலில் ஆள், பிறகு வண்டி, அதுதான் முறை. நாலு சக்கரமும் இழுக்கும்படி முன் சக்கரங்களின் மூடியைக் கையால் திருகிப் பூட்டினார். சின்னக் கியரில் போட்டு, மிதியை ஒரே சீராகப் பிடித்து, தண்ணீரில் இறங்கினார். யுகேந்திரன் சொன்னது சரிதான். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. எல்ஸி கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். கணுக்கால் வரை ஏறியது. கல்லில் வயிறு உரசி வண்டி ஒருமுறை நின்றது. லயனல் அவசரப்படாமல் மறுபடி மிதித்தார். அது இருமிக்கொண்டே அக்கரை ஏறிவிட்டது.

"நனஞ்சிட்டியா?" என்றார்.

"கால்தானே," என்றாள். "மெழுகுவத்தி நனையல."

யுகேந்திரன் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான். தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்று கையைக் காட்டினான்.

மேடு முழுக்க லாலாங் புல்லும் பெரணியும். இரண்டு சிமெண்டுச் சிலுவைகள் சாய்ந்து கிடந்தன. மரச் சிலுவைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. லயனல் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார். புல்லை வெட்டி வெட்டி அடிக்கட்டையைத் தேடினார். மேலே போனார், கீழே வந்தார். ஒரு இடத்தில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு இடத்தில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எல்ஸி ஜீப்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, அவர் வெட்டிய வழியில் நடந்து வந்தாள். ஏதோ ஒரு இடத்தைக் காட்டிவிடலாமா என்று ஒரு கணம் லயனலுக்குத் தோன்றியது. காட்டினால் அவள் நம்பிவிடுவாள். அவள் முகத்தைப் பார்த்தார். கத்தியைக் கீழே போட்டார்.

"தெரியல எல்ஸி," என்றார். "இந்த மேட்டுலதான். ஆனா எந்த எடம்னு தெரியல."

எல்ஸி அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, நனைந்த சேலையின் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள். அந்த மேட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு உரக்கக் கூப்பிட்டாள்.

"பெரியநாயகம்!"

விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். எல்ஸியின் அப்பா பெயர் அது. ஞானஸ்நானத்துக்காக உபதேசியார் ஒரு தடவை அதை மெல்லச் சொன்னதோடு சரி; அந்தப் பிள்ளையை அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை.

"பெரியநாயகம்! அம்மா வந்திருக்கேன்யா! இவ்வளவு நாளு ஆயிடுச்சுய்யா!"

செம்பனைகளுக்குள் எங்கோ ஒரு பறவை கிளம்பிப் பறந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் யுகேந்திரன் தொப்பியைக் கழற்றினான்.

எல்ஸி திரும்பி லயனலைப் பார்த்தாள். "எந்த எடத்துல இருந்தாலும் கேக்கும்லா," என்றாள். "நீங்களும் கூப்பிடுங்க. ஒங்க கையிலதானே வந்தான்."

லயனல் வாயைத் திறந்தார். முதல் தடவை காற்றுதான் வந்தது. எல்ஸி காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டத்தில் ஒருநாளும் எழும்பாத குரலை எழுப்பி, அந்த மேடு முழுவதற்கும் கேட்கும்படி பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு, "நான்தான்டா!" என்றார். "அப்பாதான்டா வந்திருக்கேன்!"

அந்தப் பிள்ளையிடம் அவர் தன்னை அப்பா என்று சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை.